உறைகுளிரில் வண்டியைக் காப்பது எப்படி: முந்தைய மாலையில் தொடங்கும் வேலை

வெப்பநிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிய விடியலில் வண்டி கிளம்பாமல் போனால், நகரத்தில் இருப்பவர் கோட்டை இறுக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துவிடுவார். அடுத்த வீடே கண்ணுக்கெட்டாத தொலைவில் இருக்கும் நாட்டுப்புறத்தில் அந்த வசதி கிடையாது. மருந்து வாங்கவும், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடவும், தீவனம் ஏற்றி வரவும், அவசரத்தில் மருத்துவமனைக்கு ஓடவும் அங்கே இருப்பது அந்த ஒரு வண்டிதான். அதனால் அங்கே குளிர்கால வண்டிப் பராமரிப்பு, விறகு அடுக்குவதைப் போலவும் தண்ணீர்க் குழாய்களுக்கு உறை சுற்றுவதைப் போலவும் வீட்டு வேலைகளில் ஒன்றாகிவிடுகிறது.

காலையில் கிளம்பாத வண்டிகளில் பெரும்பாலானவை முந்தைய மாலையிலேயே கிளம்ப முடியாத நிலைக்குப் போய்விட்டவை. சில, அதற்கும் முந்தைய கோடையிலேயே கெட்டுப்போனவை. ஆகவே இந்தக் குறிப்புகளைப் பாகங்களின் வரிசையில் எழுதாமல், வேலை செய்ய வேண்டிய நேரத்தின் வரிசையில் எழுதியிருக்கிறேன்.

தொடங்குமுன், பலத்த காற்று வண்டியை இன்னும் உறையவைக்கும் என்ற தவறான நம்பிக்கையை ஒதுக்கிவிடலாம். வானிலை அறிக்கையில் சொல்லப்படும் காற்றுக் குளிர் அளவு மனிதத் தோலுக்கு உரியது. காற்று எவ்வளவு பலமாக வீசினாலும், நிறுத்திவைத்த வண்டி சுற்றுப்புறக் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போகாது. அந்த வெப்பநிலையை விரைவில் அடையும், அவ்வளவே. எனவே உறைதடுப்புத் திரவத்தையும் எண்ணெயையும் தேர்ந்தெடுக்கும்போது தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் பார்த்தால் போதும். காற்று படாத இடத்தில் நிறுத்துவதால் பயன் உண்டு என்றாலும், அந்தப் பயன் இன்ஜினின் சூடு மெதுவாக ஆறுவதில்தான் இருக்கிறது.

முதல் உறைபனிக்கு முன்

இலையுதிர் காலத்தில், விரல்கள் இன்னும் மரத்துப்போகாத ஒரு பகல் முழுவதையும் இதற்கென ஒதுக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி.

காரீய அமில பேட்டரி வேதிவினையால் இயங்குவது. குளிரில் அந்த வினை மந்தமாகிறது. 0 டிகிரியில் அது தன் தொடக்கத் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையும், மைனஸ் 18 டிகிரியில் பாதிக்கும் மேலாகவும் இழந்துவிடுகிறது. அதே நேரத்தில் இன்ஜினுக்குள் எண்ணெய் தடித்துக் கிடப்பதால், ஸ்டார்ட்டர் மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டத்தைக் கேட்கிறது. கொடுப்பவரின் கை சுருங்கும் நாளில் கேட்பவரின் தேவை பெருகுகிறது. கோடை வெயிலில் உள்தகடுகள் சிதைந்து பாதி உயிரோடு இருக்கும் பேட்டரி, மிதமான நாட்களில் அதை வெளிக்காட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும். முதல் கடுங்குளிர்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

சோதிப்பது எளிது. வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே அளக்காமல், ஓர் இரவு ஓய்வில் விட்டு, மல்ட்டிமீட்டரை இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முழு மின்னேற்றம், 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். இன்ஜின் ஓடும்போது அளவு பெரும்பாலும் 13.8க்கும் 14.7க்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே நின்றால், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். இந்த எண்கள் மின்னேற்றத்தை மட்டுமே சொல்லும். மின்சுமை ஏற்றிப் பார்க்கும் சோதனைதான் பேட்டரியின் உண்மையான வலுவைச் சொல்லும் என்பதால், நான்கைந்து ஆண்டுகள் ஆன பேட்டரியை ஒரு பணிமனையில் அப்படிச் சோதித்துவிடுவது நல்லது. புதிது வாங்கினால், அதன் மேல் அச்சிட்டிருக்கும் குளிர்த் தொடக்க ஆம்பியர் அளவைப் பாருங்கள். மைனஸ் 18 டிகிரியில் 30 வினாடிகளுக்கு அந்த பேட்டரி எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கித் தர முடியும் என்பதுதான் அந்த எண். வண்டியின் கையேடு கேட்கும் அளவுக்குக் குறையாமல் அது இருக்க வேண்டும்.

மின்னேற்றத்தைக் குறையவிடாமல் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முழு மின்னேற்றத்தில் உள்ள பேட்டரியின் அமிலம் மைனஸ் 60 டிகிரியை ஒட்டித்தான் உறையும். மின்னேற்றம் தீர்ந்துவிட்டால் உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர் என்பதால், மைனஸ் 8 டிகிரியை ஒட்டியே உறைந்து, தகடுகளை வளைத்து, பெட்டியையே பிளந்துவிடும். உள்விளக்கை அணைக்க மறந்த ஓர் இரவு, வெயில் காலத்தில் ஓர் எரிச்சலோடு முடிந்துவிடும்; கடுங்குளிரில் புது பேட்டரியின் விலையைக் கேட்கும்.

முனைகளில் பச்சையாகவோ வெண்மையாகவோ பூத்திருந்தால், சமையல் சோடாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, முறுக்கி, மேலே வாசலைன் தடவிவிடுங்கள். கழற்றும்போது எதிர்முனை (மைனஸ்) முதலில். பூட்டும்போது எதிர்முனை கடைசியில். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் வண்டியின் உடலைத் தொட்டுப் பெரும் பொறியைக் கிளப்பும்.

அடுத்தது ரேடியேட்டர். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கிறது. அந்த விரிவைத் தாங்கும் வலு வார்ப்பிரும்புக்கும் இல்லை. தண்ணீரும் எத்திலீன் கிளைக்கால் என்ற உறைதடுப்பானும் சரிபாதியாகக் கலந்த குளிர்விப்புத் திரவம் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. உறைதடுப்பான் அதிகமானால் பாதுகாப்பும் அதிகம் என்று நினைத்துத் தண்ணீரே சேர்க்காமல் ஊற்றுபவர்கள் உண்டு. அது பிழை. கலப்படமற்ற எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும்; தண்ணீர் கலந்தால்தான் அது உறைநிலையைக் கீழே தள்ளுகிறது. 60 சதவீதத்துக்கு மேல் போக எந்த வண்டிக்கும் தேவை இருக்காது. கோடையில் ஒழுகியதற்கு ஈடாக வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டியவர்கள், உறைநிலை அளக்கும் சிறு கருவியால் கட்டாயம் சோதிக்க வேண்டும். அது விலை குறைந்த கருவிதான். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கக் கூடாது. சிந்திய திரவத்தை உடனே துடைத்துக் கழுவிவிட வேண்டும். இனிப்புச் சுவை உள்ள இந்த நஞ்சை நாயும் பூனையும் விரும்பி நக்கும், சிறிதளவே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைக் குடிக்கும்.

இன்ஜின் எண்ணெயின் பெயரில் டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னால் வரும் எண், குளிரில் அது எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் குறிக்கிறது. எண் குறையக் குறைய ஓட்டம் எளிது. 10டபிள்யூ எண்ணெயைத் தொடக்கச் சுழற்சிக்காக மைனஸ் 25 டிகிரியிலும், 5டபிள்யூவை மைனஸ் 30இலும், 0டபிள்யூவை மைனஸ் 35இலும் சோதிக்கிறார்கள். கையேடு அனுமதிக்கும் எண்ணெய்களுக்குள் குறைந்த எண்ணைத் தேர்ந்தெடுங்கள். கையேட்டை மீறித் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

டயரைப் பற்றி எழுதத் தொடங்கினால் சண்டையில்தான் முடியும் என்பதால் என் தரப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இருக்கும் இடத்தில் கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கிறது. குளிர்கால டயரின் ரப்பர் அங்கேயும் நெகிழ்ந்து கொடுக்கிறது. பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிச்சில்லும் பொறித்த குறியைப் பார்த்து வாங்குங்கள். நான்கு சக்கரங்களுக்கும் மாற்ற வேண்டும். இரண்டுக்கு மட்டும் மாற்றினால், பிடிப்புள்ள முனையும் பிடிப்பற்ற முனையும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, வளைவில் வண்டி சுழன்றுவிடும். நான்கு சக்கர இயக்கம் இருக்கிறதே என்று சொல்பவருக்கு ஒன்றே ஒன்று: அது புறப்பட உதவும், நிற்க உதவாது. பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரைப் பனியில் நம்ப வேண்டாம்.

காற்றழுத்தம், வெப்பநிலை ஒவ்வொரு 5.6 டிகிரி குறையும்போதும் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ இறங்கும். 20 டிகிரி வெயிலில் 32 பிஎஸ்ஐ நிரப்பிய டயரில், மைனஸ் 20 டிகிரியில் 25ஐ ஒட்டித்தான் இருக்கும். குளிர் ஒரு படி இறங்கும்போதெல்லாம், வண்டியை ஓட்டுவதற்கு முன்பே அளந்து நிரப்புங்கள்.

கண்ணாடி கழுவும் தொட்டியில் தண்ணீர் மிச்சம் இருந்தால், தெளித்துத் தெளித்தே அதைத் தீர்த்துவிட்டு, உறையாத கழுவுதிரவத்தை ஊற்றி, குழாய்களுக்குள்ளும் அது வரும்வரை மீண்டும் தெளியுங்கள். கதவோர ரப்பர்களில் சிலிக்கோன் தடவினால் கதவு ஒட்டிக்கொள்ளாது. பூட்டின் உறைவைக் கரைக்கும் திரவத்தைச் சட்டைப்பையிலோ வீட்டுக்குள்ளோ வையுங்கள். அதை வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நின்றவர்கள் நிறையப் பேர்.

முற்றத்து வேலை இரண்டையும் இந்த நாளிலேயே முடித்துவிடலாம். மண் இறுகுவதற்கு முன் பாதையின் இரு ஓரங்களிலும் உயரமான கம்புகளை ஊன்றுங்கள். பனி மூடிய பின் பாதை எது, வாய்க்கால் எது என்று தெரியாது. புதைந்த தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எந்த வழியே போகின்றன என்றும் குறித்துவைத்து, அவற்றின் மேல் வண்டியை ஓட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தளர்வாகக் கிடக்கும் பனி மண்ணுக்குக் கம்பளி. சக்கரம் ஏறி இறுகினால் அந்தக் கம்பளி பயனற்றுப்போய், உறைவு ஆழமாக இறங்கிக் குழாயைப் பிடித்துவிடும்.

டீசல் வைத்திருப்பவர்களுக்கு

பெட்ரோல் வண்டிக்காரர் எரிபொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. தொட்டியைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் வைத்தால், உள்ளே ஈரம் படிந்து குழாயில் உறைவது குறையும், வழியில் சிக்கினால் சூடேற்றிக்கொள்ளவும் எரிபொருள் இருக்கும். டீசலின் கதை வேறு.

டீசலில் இயல்பாகவே பாரஃபின் மெழுகு கலந்திருக்கிறது. குளிர் கூடும்போது அந்த மெழுகு நுண்துகள்களாகப் பிரிந்து, தெளிந்த எரிபொருள் மேகம் படிந்ததைப் போலக் கலங்குகிறது. இன்னும் குளிர்ந்தால் துகள்கள் வடிகட்டியை அடைத்துவிடுகின்றன. வண்டி சில நிமிடங்கள் ஓடிவிட்டு, வலுவிழந்து, நடுவழியில் நின்றுவிடும். வீட்டிலேயே நின்றிருந்தால் எவ்வளவோ மேல் என்று அப்போது தோன்றும். கோடைக்கென வடித்த டீசல் 0 டிகிரியை ஒட்டியே கலங்கத் தொடங்கிவிடலாம். இதனால்தான் பருவத்துக்கேற்ற தரங்கள் விற்கப்படுகின்றன. ஐரோப்பியத் தரமான இஎன் 590, வடிகட்டி அடைபடும் வெப்பநிலையை வைத்து, மிதவெப்பப் பகுதிகளுக்கு பிளஸ் 5 முதல் மைனஸ் 20 வரை ஆறு தரங்களையும், துருவக் குளிருக்கு மைனஸ் 44 வரை தாங்கும் வகைகளையும் வரையறுத்திருக்கிறது.

நாட்டுப்புறத்தில் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சாலையோர நிலையத்தில் பருவத்துக்கேற்ற டீசல் தானாகவே வந்துவிடும். ஆனால் பண்ணையின் பெரிய தொட்டியில் அறுவடைக் காலத்தில் நிரப்பிய கோடை டீசல் அப்படியே கிடக்கும். குளிர் வருவதற்கு முன் அதைத் தீர்த்துவிடுங்கள். முடியாவிட்டால், குளிர்கால டீசலைக் கலந்து மெழுகுத் தடுப்புச் சேர்மத்தையும் சேருங்கள். அந்தச் சேர்மம் மெழுகு உருவாகும் முன் ஊற்றினால்தான் வேலை செய்யும். இறுகிய பின் ஊற்றுவதால் பயனில்லை. தாவர எண்ணெயிலிருந்து வடிக்கும் டீசல் கலந்திருந்தால் இன்னும் முன்கூட்டியே கலங்கும். பெட்ரோல் ஊற்றி டீசலை இளக்கும் பழைய வழக்கத்தை இன்றைய உயரழுத்த இன்ஜின்களில் முயன்றால் பம்ப்பும் இன்ஜெக்டரும் பாழாகும்.

வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடித்துவிடுவது ஐந்து நிமிட வேலை; குளிர்காலம் முழுவதும் அதை அடிக்கடி செய்யுங்கள். மெழுகு பிடித்து வண்டி நின்றுவிட்டால், திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பி பேட்டரியையும் தீர்த்துவிடாதீர்கள். கொட்டகைக்குள் இழுத்து வைத்துச் சூடேறவிட்டு, வடிகட்டியை மாற்றி, பிறகு கிளப்புங்கள். தொட்டியின் அடியில் தீப்பந்தம் காட்டுவதைத் துணிச்சல் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதற்கு வேறு பெயர் தெரியும்.

புகையைச் சுத்திகரிக்க யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டி என்றால், அந்தக் கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும். அதற்கு அஞ்ச வேண்டாம். தொட்டியில் சூடேற்றி இருக்கும், வண்டி ஓடும்போது உருகிக்கொள்ளும். விரிவுக்கு இடம் விட்டு, விளிம்புவரை நிரப்பாமல் இருந்தால் போதும்.

மாலையில்

இன்ஜினைச் சூடேற்றும் மின்கருவி பொருத்திய வண்டி என்றால், மாலையில் செய்ய வேண்டிய வேலை பாதியாகிவிடும். இன்ஜினின் குளிர்விப்புத் திரவத்தைச் சூடாக்கும் இந்தக் கருவிகள் பெரும்பாலும் 400 முதல் 1000 வாட் வரை இழுப்பவை. இரவு முழுவதும் ஓடவிடுவது வீண். கிளம்புவதற்கு மூன்று அல்லது நான்கு மணி நேரம் முன் தானாக இயங்கும்படி நேரக்கருவி வைத்துவிட்டால் போதும். சாதாரண நீட்டிப்புக் கம்பியின் உறை குளிரில் கண்ணாடி போல இறுகி வெடித்துவிடும் என்பதால், குளிருக்கென்றே ரப்பர் உறையிட்ட, நில இணைப்பு உள்ள தடித்த கம்பியை வாங்குங்கள். கம்பியின் நடுப்பகுதியை ஓட்டுநர் பக்கத்தில் பின்புறம் பார்க்கும் கண்ணாடியின் மேல் ஒருமுறை சுற்றி வைத்தால், காலையில் அதைப் பிடுங்காமல் வண்டியை எடுத்துவிடும் ஆபத்து இருக்காது.

வண்டியை வெளியேறும் திசை நோக்கித் திருப்பி நிறுத்துங்கள். பின்னோக்கி எடுக்க வேண்டிய வண்டி இரவுப் பனியில் சிக்கினால் இரட்டை வேலை. தவிர, பேட்டரிக்கு மற்றொரு வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்க நேர்ந்தால் முன்பகுதி எட்டும்படி இருக்க வேண்டும். ஈரத்தில் ஓடி வந்த வண்டிக்குக் கடுங்குளிரில் ஹேண்ட்பிரேக் போட்டால் அதன் கம்பியோ பிரேக் பட்டையோ உறைந்து பிடித்துக்கொள்ளும். சமதரையில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதே பாதுகாப்பு. வைப்பர் கரங்களைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். அணைக்கும்போது வைப்பரின் சுவிட்ச் நிறுத்த நிலையில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் காலையில் சாவியைத் திருப்பியதும், உறைந்து ஒட்டிய வைப்பரை இழுக்க முயன்று அதன் மோட்டார் எரியும்.

டிராக்டர் இருந்தால் அதற்கும் ஒரு நடை. சேற்றிலும் நனைந்த பனியிலும் நின்ற டிராக்டரின் சக்கரம் இரவில் தரையோடு உறைந்துவிடும் என்பதால், பலகைகளின் மேல் ஏற்றி நிறுத்தி, முன்வாளியையும் ஒரு பலகையின் மேல் இறக்கிவையுங்கள். எடைக்காக டயருக்குள் தண்ணீர் நிரப்பியிருந்தால், அதில் கால்சியம் குளோரைடு போன்ற உறைதடுப்பு கலந்திருக்க வேண்டும். வெறும் தண்ணீர் கட்டியாகி, ஓட்டும்போது டயரை உள்ளிருந்தே கிழிக்கும். கால்சியம் குளோரைடு ஒழுகினால் சக்கர வளையத்தை அரிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தொழுவத்துக்குத் தண்ணீர் இழுத்த ரப்பர் குழாயையும் அதே நடையில் வடித்து, இரு முனைகளும் கீழே தொங்கும்படி மாட்டிவிட்டு வாருங்கள்.

காலையில்

பானட்டை இரண்டு முறை தட்டுங்கள். சூட்டைத் தேடி இன்ஜினருகே பூனை படுத்திருக்கலாம். பல நாள் நிறுத்திவைத்த வண்டியில் காற்று வடிகட்டியையும் திறந்து பாருங்கள். எலிகள் அங்கே கூடு கட்டுவதும் கம்பிகளின் உறையைக் கடிப்பதும் உண்டு.

பனியைக் கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கித் தள்ளுங்கள். கூரையில் விட்டுவைத்த பனி, முதல் பிரேக்கில் சரிந்து முன்கண்ணாடியை மூடும். கண்ணாடியில் கொதிநீர் ஊற்றக் கூடாது. திடீர் விரிவில் விரிசல் ஓடிவிடும், ஓடாவிட்டால் ஊற்றிய நீரே மறுபடி உறையும். புகைக்குழாயின் வாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றாமல் இன்ஜினைக் கிளப்பாதீர்கள்.

விளக்கு, சூடேற்றி, பாட்டு எல்லாம் அணைந்திருக்கட்டும். டீசல் என்றால், முன்சூடேற்றத்தைக் காட்டும் சுருள் குறி அணையும்வரை காத்திருங்கள். மிகக் கடுங்குளிரில் சாவியை மூடி இன்னொரு முறை காத்திருப்பது உதவும். கைமுறை கியர் வண்டியில் கிளச்சை முழுவதும் மிதித்தால், தடித்த கியர் எண்ணெயைச் சுழற்றும் சுமை ஸ்டார்ட்டருக்குக் குறைகிறது. பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து சுழற்ற வேண்டாம். ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுத்து மறுபடி முயலுங்கள்.

கிளம்பிய பின் அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவது பழைய கார்புரேட்டர் காலத்தின் பழக்கம். இன்றைய இன்ஜினுக்கு ஓரிரு நிமிடம், மிகக் கடுங்குளிரில் இன்னும் சில நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓட்டினால்தான் இன்ஜினோடு கியர்ப்பெட்டியும் சக்கர அச்சும் டயரும் சூடேறும். நின்றபடியே ஓடும் குளிர்ந்த இன்ஜினில் எரியாத எரிபொருள் உருளைச் சுவரில் வழிந்து எண்ணெயோடு கலக்கிறது. டிராக்டரின் கணக்கு வேறு: அதன் ஹைட்ராலிக் எண்ணெய் இளகும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, தூக்கும் கரங்களை மெல்ல ஏற்றி இறக்கிய பின்பே சுமையைத் தூக்குங்கள். எந்த வண்டியையும் மூடிய கொட்டகைக்குள் ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

பேட்டரி கைவிட்டால் முதலில் அதன் உடலைப் பாருங்கள். பக்கங்கள் உப்பியிருந்தாலோ உள்ளே பனிக்கட்டி தெரிந்தாலோ வேறு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுக்கக் கூடாது, வெடிக்கும். கழற்றிச் சூடான இடத்தில் உருகவிட்டு, விரிசல் உண்டா என்று பார்த்த பின்பே மின்னேற்ற வேண்டும். உறையாத பேட்டரி என்றால் வரிசை இது: சிவப்புக் கம்பியைச் செத்த பேட்டரியின் நேர்முனையில் மாட்டி, அதன் மறுமுனையை நல்ல பேட்டரியின் நேர்முனையில் மாட்டுங்கள், பிறகு கறுப்பை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் மாட்டி, கடைசி முனையைச் செத்த வண்டியின் இன்ஜின் உலோகத்தில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். கடைசி இணைப்பில்தான் பொறி எழும். பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் வாயு தேங்கியிருக்கக்கூடும் என்பதால்தான் அதைத் தள்ளி வைக்கிறோம். சில நிமிடம் காத்திருந்து கிளப்பி, தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள். கிளம்பிவிட்ட மகிழ்ச்சியில் அருகிலேயே போய் நிறுத்திவிட்டால் மீண்டும் அதே கதைதான். குறும்பயணங்களே பேட்டரியைப் பட்டினி போடுபவை; வாரத்துக்கு ஒருமுறை நீண்ட ஓட்டமோ, வீட்டு மின்னேற்றியில் ஓர் இரவோ அவசியம்.

பாதையைத் திறக்கும் வேலையில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் பனியைத் தேவைக்கு மேல் அகலமாகத் தள்ளுங்கள். ஓரத்துக் குவியல்கள் வாரத்துக்கு வாரம் உள்நோக்கி வளரும், கடைசியில் பாதை ஒரு சக்கர அகலமாகிவிடும். பனி வீசும் இயந்திரத்தின் வாய் அடைத்துக்கொண்டால் கையை விடாதீர்கள். இன்ஜினை அணைத்த பின்னும் இறுகிய விசை உள்ளே தேங்கி நிற்கும். அடைப்பு விலகிய கணத்தில் அலகு சுழன்று விரலைத் துண்டித்துவிடும். கோலைக் கொண்டே அடைப்பை எடுக்க வேண்டும். வழுக்கும் இடத்தில் மணலோ அடுப்புச் சாம்பலோ தூவலாம். ஆனால் சாம்பலுக்குள் கங்கு நாட்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், மூடியுள்ள இரும்பு வாளியில், கொட்டகைக்கும் வண்டிக்கும் எட்ட வைத்து ஆற்றிய பின்பே கையாளுங்கள்.

வழியில்

பனிக்கட்டிச் சாலையில் நிற்கும் தொலைவு உலர்ந்த சாலையைப் போலப் பத்து மடங்குவரை நீளலாம். பாலங்கள் கீழேயும் மேலேயும் குளிர்வதால் சாலைக்கு முன்பே உறைகின்றன. வேகத்தைத் தானாகப் பிடித்துவைக்கும் வசதியை வழுக்கும் சாலையில் அணைத்துவிடுங்கள். உட்புறக் கண்ணாடி மங்கினால் காற்றை உள்ளேயே சுழலவிடாமல் வெளிக்காற்றுக்கு மாற்றி, ஏசியையும் சேர்த்துப் போடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சிவிடும்.

கம்பளி, மண்வாரி, ஒரு பை மணல், இழுவைக் கயிறு, டார்ச், உலர்ந்த கையுறையும் காலுறையும், கெடாத உணவு, மூன்றில் இரண்டு பங்கு நிரப்பிய தண்ணீர்க் குப்பி ஆகியவை இருக்கைப் பக்கம் இருக்கட்டும். டிக்கியின் மூடி உறைந்துவிட்டால் அதற்குள் இருக்கும் எதுவும் பயன்படாது. டார்ச்சுக்கு லித்தியம் மின்கலம் குளிரில் நன்றாகத் தாங்கும். கைபேசியை உடலோடு ஒட்டி வையுங்கள்.

புயலில் சிக்கினால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். தேடுபவர்களுக்கு ஆளைவிட வண்டிதான் எளிதில் கண்ணில் படும். மணிக்குப் பத்து நிமிட அளவில் இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிப் புகைக்குழாயின் வாயைத் தோண்டிய பின்பே, காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியைச் சற்று இறக்கிவைத்த பின்பே கிளப்புங்கள். பனி அடைத்த குழாயிலிருந்து திரும்பும் புகை உறங்குபவரை எழுப்புவதில்லை.

வீடு திரும்பியதும்

சாலையில் தூவும் உப்பு, வண்டியின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு துருவை வளர்க்கிறது. உப்பேறிய வண்டியைச் சூடான கொட்டகையில் அடைப்பது அதற்குச் செய்யும் நன்மை என்று தோன்றும். உண்மையில் உப்புநீர் உறையாமல் ஈரமாகவே இருப்பதாலும் சூட்டில் வினை வேகம் பிடிப்பதாலும் துரு அங்கேதான் விரைவாக ஏறும். வெளியே குளிரில் நிற்பது இரும்புக்கு நல்லது, பேட்டரிக்குக் கெட்டது. நான் பேட்டரியின் பக்கம் நின்று கொட்டகையையே தேர்ந்தெடுப்பேன், அடிப்பாகத்தைக் கழுவ முடியும் என்றால். வெப்பநிலை உறைநிலைக்கு மேலே ஏறும் பகல்களைப் பார்த்து வைத்திருந்து, சக்கர வளைவுகளுக்குள்ளும் அடியிலும் நீரைப் பீய்ச்சி, கதவோரங்களையும் பூட்டுத் துளைகளையும் துடைத்து உலர்த்தி, கதவுகளை ஒருமுறை திறந்து மூடிய பின்பே நிறுத்துங்கள். கழுவிய நீர் மாலைக்குள் உலராது என்று தெரிந்தால் அன்று கழுவ வேண்டாம். மறுநாள் காலை நான்கு கதவுகளும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.